கிடந்த இடமே சாட்சி

ஏ-9 வீதி யாழ்ப்பாண நகருக்குள் நுழையும் இடத்தில், உப்புக்காற்று வீசும் வெட்டவெளியாகக் கிடக்கிறது செம்மணி. 2025 பெப்ரவரியில் அங்குள்ள சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டட வேலைக்காக அத்திவாரம் வெட்டினார்கள். மண்ணோடு மனித எலும்புகளும் மேலே வந்தன. மயானத்தில் எலும்பு வருவது புதுமையா என்று வேலையைத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் வேலை நிறுத்தப்பட்டது. தகவல் பொலிஸுக்கும், அங்கிருந்து யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்துக்கும் போனது. மே மாதம் நீதிமன்றக் கட்டளைப்படி அகழ்வு தொடங்கியபோது, சட்ட வைத்திய அதிகாரி செ. பிரணவனோடு குழிக்குள் இறங்கியவர் ஒரு தொல்லியலாளர்: பேராசிரியர் ராஜ் சோமதேவ.

செப்டெம்பர் முதல் வாரத்தில் இரண்டாம் கட்ட அகழ்வு நின்றபோது, அடையாளம் காணப்பட்ட எலும்புக்கூட்டுத் தொகுதிகள் 240. அவற்றில் 239 முழுமையாக வெளியே எடுக்கப்பட்டிருந்தன. அத்தனையும் சிறு கரண்டியாலும் தூரிகையாலும் மூங்கில் குச்சி போன்ற மென்மையான கருவிகளாலும், அங்குலம் அங்குலமாக வெளிக்கொணரப்பட்டவை.

பெக்கோ இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தால் இரண்டு நாளில் முடிகிற வேலைக்கு ஏன் இத்தனை மாதம்? வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. காணாமற்போன பிள்ளையைத் தேடி கால் நூற்றாண்டுக்கு மேல் அலைந்தவர்களுக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் வலிக்கும். ஆனால் அந்தப் பொறுமைக்குப் பின்னால், உலகின் பல நாடுகள் கசப்பான அனுபவத்தில் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று இருக்கிறது. நீதிமன்றத்துக்கு எலும்பு மட்டும் போதாது. அது எங்கே கிடந்தது, எப்படிக் கிடந்தது, எதன் மேல், எதற்குக் கீழே கிடந்தது என்பதுதான் சாட்சியம். அந்தச் சாட்சியம் ஒரு முறைதான் கிடைக்கும். தோண்டியவுடன் குழியே அழிந்துவிடுகிறது. பதிவு செய்யத் தவறியதைத் திரும்பப் போய் எடுக்க முடியாது.

மண்ணில் வெட்டிய தழும்பு

கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் சதுரக் குழிகளுக்குள் குந்தியிருந்து மண்ணைச் சுரண்டும் ஆய்வாளர்களின் படங்களைத் தமிழ் வாசகர்கள் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வாழ்க்கையை மீட்க வகுத்துக்கொண்ட அதே ஒழுங்கை, இருபது முப்பது ஆண்டுக்கு முந்தைய குற்றத்தின்மீது செலுத்துவதுதான் தடயவியல் தொல்லியல். கருவிகளும் நடைமுறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இங்கே ஒவ்வொரு குறிப்பும் குறுக்கு விசாரணையைச் சந்திக்க வேண்டிவரும்.

ஒருமுறை வெட்டிய மண் பழையபடி ஆவதில்லை. இயற்கையாகப் படிந்த மண்ணில் அடுக்கடுக்காக நிறமும் இறுக்கமும் மாறும். குழி வெட்டும்போது அந்த அடுக்குகள் அறுபடுகின்றன. அள்ளிப்போட்ட மண் கலந்துபோய், தளர்ந்த நிலையில் திரும்ப உள்ளே விழுகிறது. அது வேறு விதமாக ஈரம் பிடிக்கும். நாளடைவில் சற்றே தாழும். அதன்மேல் முளைக்கும் புல்லும் செடியும் சுற்றியுள்ளவற்றிலிருந்து மாறுபட்டு வளரும். புதைத்தவர் எவ்வளவு கவனமாக மூடியிருந்தாலும் இந்தத் தழும்பை அழிக்க முடியாது.

ஆகவே தேடல் தோண்டுவதில் தொடங்குவதில்லை. பழைய வான்படங்கள், செய்மதிப் படங்கள், தரையின் மேடு பள்ளம், ஊரவரின் நினைவு, சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாம் முதலில் ஒன்றுசேர வேண்டும். செம்மணியில் இரண்டாவது அகழ்விடத்தைத் தெரிவுசெய்யச் செய்மதிப் படங்கள் உதவின. 2025 ஓகஸ்ட் முதல் வாரத்தில் தரையை ஊடுருவும் ராடார் கருவியும் அங்கே கொண்டுவரப்பட்டது. இந்தக் கருவி எலும்பைப் படம்பிடித்துக் காட்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. வானொலி அலைகளை மண்ணுக்குள் அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியிலிருந்து மண் எங்கே கலைந்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். கலைந்த இடம் புதைகுழியாகவும் இருக்கலாம், பழைய கிணறாகவும் மரவேர் அழுகிய பள்ளமாகவும் இருக்கலாம். உப்பும் ஈரமும் கூடிய நிலத்தில் அலைகள் ஆழம் போகாமல் மங்கிவிடும் என்பதால், செம்மணி போன்ற இடத்தில் அந்தக் கருவிக்கும் வரம்பு உண்டு. கடைசியில் மண்ணைச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும்.

சுரண்டும்போது முதலில் தேடுவது உடலை அல்ல, குழியின் விளிம்பை. எந்த மட்டத்திலிருந்து வெட்டத் தொடங்கினார்கள், சுவரில் மண்வெட்டியின் வடுவா, இயந்திர வாளிப் பற்களின் கீறலா என்பதெல்லாம் அந்த விளிம்பில்தான் பதிந்திருக்கும். இயந்திரத்தின் கீறல் தெரிந்தால் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது என்று பொருள். இயந்திரத்தையும் எரிபொருளையும் ஓட்டுநரையும் யாரோ ஒருவர் அனுப்பியிருக்க வேண்டும். பிறகு, கடைசியாக உள்ளே விழுந்தது முதலில் வெளியே வருமாறு, நிகழ்ந்ததைத் தலைகீழாக ஓட்டிப் பார்ப்பதுபோல மண் அகற்றப்படுகிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இலக்கம். படம், வரைபடம், நீளம் அகலம் ஆழம் மூன்றிலும் அளவு. அதன் பிறகே எலும்பு இடத்தைவிட்டு அசையலாம்.

வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள். அவற்றில் இரு கைகளில் மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை 54, இரு பாதங்களில் 52. பாதிக்கு மேற்பட்டவை இந்தச் சின்ன எலும்புகள்தாம். மண்வெட்டி போட்டால் முதலில் தொலைவதும் இவைதாம். குழந்தைகளின் எலும்போ இன்னும் ஒன்றோடொன்று பொருந்தி முதிராத துண்டுகளாக இருக்கும். பழகாத கண்ணுக்குக் கூழாங்கல்லாகத் தெரியும். எனவே அள்ளிய மண் அனைத்தும் அரிதட்டில் அரிக்கப்படுகிறது. பல், தோட்டா, பொத்தான், மோதிரம் எல்லாம் கடைசியில் அகப்படுவது அங்கேதான்.

சித்துப்பாத்தியில் தொல்லியல் பார்வை இல்லாவிட்டால் விடையே கிடைக்காத ஒரு கேள்வி இருக்கிறது. அது மயானம். சைவ வழக்கில் பெரியவர்களை எரிப்பார்கள், குழந்தைகளைப் புதைப்பார்கள். அப்படியானால் அங்கே கிடைக்கும் எலும்புகள் வழமையான அடக்கங்களாக ஏன் இருக்கக் கூடாது? இந்த ஐயத்தை ஒதுக்கித் தள்ளக் கூடாது, தீர்த்தாக வேண்டும். அடக்கம் செய்பவர்கள் ஆழமாக வெட்டுவார்கள், உடலை நேராகக் கிடத்துவார்கள், ஒருவர் மேல் ஒருவரைப் போடமாட்டார்கள், ஆடையின்றிப் புதைக்கமாட்டார்கள். இங்கே கண்டது வேறு. உடல்கள் ஆழமற்ற குழிகளில் ஒழுங்கின்றி, கையும் காலும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்ததையும், பெரும்பாலானவற்றோடு ஆடை இல்லாததையும் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு சுட்டிக்காட்டியது. எலும்புகளைப் பெட்டியில் அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் இதில் ஒரு வரியைக்கூட எவராலும் எழுதியிருக்க முடியாது.

புல்டோசரை நிறுத்தச் சொன்னவர்

இந்தத் துறைக்கு உலக அளவில் உருக்கொடுத்த நாடு ஆர்ஜென்டீனா. 1976 முதல் 1983 வரையிலான இராணுவ ஆட்சியில் மக்கள் வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் தூக்கிச் செல்லப்பட்டுத் திரும்பாமலே போனார்கள். ஆட்சி விழுந்தபின் அமைந்த தேசிய ஆணைக்குழு 8,961 பேரைப் பதிவுசெய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. பலர் பெயரின்றி நகராட்சி இடுகாடுகளில் புதைக்கப்பட்டிருந்தார்கள். நீதிபதிகள் தோண்ட உத்தரவிட்டார்கள். இடுகாட்டுத் தொழிலாளர்கள் மண்வெட்டியோடும் புல்டோசரோடும் இறங்கினார்கள். எலும்புகள் நொறுங்கின, ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலந்தது, குவியலாகச் சாக்குகளில் போயிற்று. நாடே எதிர்பார்த்திருந்த சான்று, நல்லெண்ணத்தோடு தோண்டியவர்களின் கையாலேயே அழிந்துகொண்டிருந்தது.

பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் அமைப்பும் அந்த ஆணைக்குழுவும் அமெரிக்க அறிவியலாளர்களிடம் உதவி கேட்டன. 1984இல் வந்த குழுவில் கிளைட் ஸ்னோ என்ற தடயவியல் மானிடவியலாளர் இருந்தார். நாஜி வைத்தியர் யோசெப் மெங்கலேயின் எலும்புகளைப் பிரேசிலில் ஆராய்ந்து அடையாளம் காண்பதில் அடுத்த ஆண்டு பங்கெடுத்தவரும் அவர்தான். நிலைமையைக் கண்டதும் அவர் முன்வைத்த முதல் கோரிக்கை தோண்டுவதை நிறுத்துங்கள் என்பது. தொல்லியல் தெரிந்தவர்கள் தேவை என்றார். அனுபவமுள்ள பெரியவர்கள் தயங்கி நின்ற இடத்தில், தொல்லியலும் மானிடவியலும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த இருபது வயதுகளிலிருந்த சில மாணவர்கள் முன்வந்தார்கள். அன்றைய ஆர்ஜென்டீனாவில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்தது என்பதை இராணுவ ஆட்சியின் நிழலில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். அந்த மாணவர்கள்தாம் ஆர்ஜென்டீனத் தடயவியல் மானிடவியல் குழுவானார்கள். இன்றுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தக் குழு பணியாற்றியிருக்கிறது.

அவர்களுடைய வேலையின் கூர்மையைக் காட்ட எல் சல்வடோரின் எல் மொசோதே கிராமம் போதும். 1981 டிசம்பரில் அங்கே இராணுவம் படுகொலை நடத்தியது என்ற செய்தியை அந்நாட்டு அரசும் அதற்கு ஆயுதம் கொடுத்த அமெரிக்க அரசும் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. நடந்தது சண்டை என்றார்கள். 1992இல் ஆர்ஜென்டீனக் குழு தேவாலயத்தை ஒட்டியிருந்த ஒரு சிறு கட்டடத்தின் இடிபாட்டை அகழ்ந்தது. உள்ளே குறைந்தது 143 பேர். அவர்களில் 131 பேர் 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகள்.

குழந்தைகளின் எண்ணிக்கையே போதும் என்று தோன்றலாம். குழு அதோடு நிற்கவில்லை. ரவைகளும் கோதுகளும் எங்கெங்கே கிடந்தன என்று புள்ளி புள்ளியாகக் குறித்தது. குறைந்தது ஒன்பது பேர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே, தரையில் கிடந்த நிலையில் சுடப்பட்டார்கள் என்பது தரைக்குள் பாய்ந்த ரவைகளிலிருந்து தெரிந்தது. ஆராய்ந்த 245 ரவைக்கோதுகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் எம்-16 துப்பாக்கிக்கு உரியவை. முத்திரை படிக்க முடிந்த 184 கோதுகளும் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து லேக் சிட்டி ஆலையில் செய்யப்பட்டவை. சண்டை நடந்தது என்ற கதைக்கு அதன்பிறகு நிற்க இடமில்லை.

ஸ்ரெப்ரெனிகா: மறைத்ததே காட்டிக்கொடுத்தது

1995 ஜூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் ஏறத்தாழ 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் உடல்களைப் பெருங்குழிகளில் தள்ளினார்கள். செய்தி வெளியே கசிந்து வான்படங்கள் உலகின் பார்வைக்கு வந்தபின், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் கனரக இயந்திரங்களோடு திரும்பி வந்தார்கள். குழிகளைக் கிளறி, உடல்களை லொறிகளில் ஏற்றி, தொலைவிலுள்ள சிறு குழிகளுக்குப் பிரித்துக் கொண்டுபோனார்கள். இரவோடு இரவாகச் சான்றை அழித்துவிட்டதாக அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்துக்காக அங்கே அகழ்வை நடத்தியவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் ரைட். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற தொல்லியலாளர். அவரும் மற்ற நிபுணர்களும் இரண்டாம் குழிகளுக்குள் தேடியது உடல்களை மட்டுமல்ல. உடல்களோடு ஒட்டிவந்த மண்ணையும். முதற்குழியின் மண், அதிலிருந்த மகரந்தம், கற்கள், குப்பை எல்லாம் இயந்திர வாளியில் சேர்ந்தே பயணப்பட்டிருந்தன. கொஸ்லுக் என்ற இடத்து முதற்குழி ஒரு போத்தல் ஆலையின் கழிவுத் திடலில் வெட்டப்பட்டது. அங்கே கிடந்த உடைந்த பச்சைக் கண்ணாடித் துண்டுகளும் போத்தல் ஒட்டுத்தாள்களும் சான்சாரி வீதியோரத்து இரண்டாம் குழி ஒன்றிலும் கிடந்தன. இரண்டையும் இணைக்க வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கைக்கடிகாரங்களும் பேசின. கையசைவில் தானே சாவி ஏறும் வகைக் கடிகாரங்கள் சிலரின் மணிக்கட்டில் இருந்தன. கை அசைவு நின்றால் அவை இரண்டொரு நாளில் ஓய்ந்துவிடும். நாளும் திகதியும் காட்டும் அவற்றின் முகப்புகள் 1995 ஜூலை நடுப்பகுதியோடு பொருந்தின.

செர்ஸ்கா என்ற இடத்துப் புதைகுழி கலைக்கப்படாமல் இருந்தது. வீதியோரச் சரிவில் 150 பேர். ரவைக்கோதுகள் எங்கே கிடந்தன, உடல்கள் எங்கே கிடந்தன, மூடிய மண் எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் வரைபடத்தில் பொருத்தியபோது காட்சி தெளிவாயிற்று. வீதியின் ஒரு பக்கத்தில் நின்று சுட்டிருக்கிறார்கள். மறுபக்கச் சரிவில் விழுந்தவர்கள்மேல், வீதிக்கு எதிர்ப்புறத்து மண்ணை இயந்திரத்தால் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். போரில் மாண்டவர்களைச் சேர்த்துப் புதைத்தோம் என்ற எதிர்வாதம் இதன் முன்னால் எடுபடவில்லை.

எந்தக் காலத்து எலும்பு?

இலங்கையில் புதைகுழிகள் பெரும்பாலும் தற்செயலாகவே வெளிப்பட்டிருக்கின்றன. கட்டடத்துக்கு அத்திவாரம், தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு என்று ஏதோ ஒரு வேலையில் எலும்பு தட்டுப்படும். செம்மணியின் பழைய வரலாறு மட்டும் வேறு. பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசாமி 1996 செப்டெம்பரில் வன்புணர்ந்து கொல்லப்பட்டதும், அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டதும் ஈழத்தமிழர் எவரும் மறக்காத கொடுமை. அந்த வழக்கில் மரண தண்டனை பெற்ற லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ 1998 ஜூலையில் நீதிமன்றத்தில் சொன்னார்: செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1999இல் அவரையே அழைத்துவந்து இடம் காட்டச் செய்து தோண்டியதில் 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அத்தோடு அகழ்வு நின்றது. அடுத்த அகழ்வுக்கு 26 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எலும்பு வந்தவுடன் எழும் முதல் சர்ச்சை காலம் பற்றியது. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் கட்டட வேலையின்போது ஒரு புதைகுழி வெளிப்பட்டது. 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அங்கே கிடைத்த பொருட்களை ஆராய்ந்த சோமதேவ, காலம் 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டது என்றார். ஜேவிபி கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காணாமலாக்கப்பட்ட காலம் அது. பின்னர் அமைந்த ஜனாதிபதி ஆணைக்குழு, கதிரியக்கக் காபன் சோதனையை ஆதாரமாகக் கொண்டு, எலும்புகள் 1950க்கு முற்பட்டவை என்றது.

மன்னாரிலும் இதேபோல நடந்தது. 2018இல் சதொச கட்டடத்துக்காக வெட்டிய நிலத்தில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன, குழந்தைகளுடையவையும் இருந்தன. தெரிந்தெடுத்த சில மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வகத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் விடை வந்தது: கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை. யாழ்ப்பாண அரசர் காலமும் போர்த்துக்கேயர் காலமும் அது. அகழ்விடத்தில் கிடந்த பிற்காலப் பொருட்களைச் சுட்டிக்காட்டிக் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் அந்த முடிவை ஏற்க மறுத்தார்கள்.

யார் சொல்வது சரி என்பதை எலும்பை மட்டும் வைத்தோ பொருளை மட்டும் வைத்தோ தீர்க்க முடியாது. பூமியின் காற்றில் இயற்கையாகவே சிறிதளவு கதிரியக்கக் காபன் உண்டு. உயிருள்ளவரை அது உடலில் சேரும், இறந்தபின் மெல்லக் குறையும். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளைச் சோதித்ததால் காற்றில் அதன் அளவு ஏறத்தாழ இரு மடங்கானது. 1963 தடை உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாக இறங்கியது. ஆகவே 1950களின் நடுப்பகுதிக்குப் பின் வாழ்ந்தவர்களின் எலும்பிலும் பல்லிலும் அந்த ஏற்றத்தின் அடையாளம் இருக்கும். முந்தியவர்களிடம் இருக்காது. வலுவான சோதனைதான். ஆனால் எந்த எலும்புக்கூட்டிலிருந்து, எத்தனை மாதிரி, எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே நிலத்தில் வேறுவேறு காலத்து அடக்கங்கள் அருகருகே இருக்கக்கூடும்.

பொருட்களுக்கும் அதே நிபந்தனை உண்டு. ஒரு குழியின் காலம் அதனுள்ளே கிடைக்கும் ஆகப் புதிய பொருளைவிடப் பழையதாக இருக்க முடியாது. ஆனால் அந்தப் பொருள் உடலோடு சேர்ந்து கிடந்ததா, பிற்காலத்தில் மேல் மண்ணில் கலந்ததா? இலக்கமிட்ட அளவும் படமும் இருந்தால்தான் இதற்கு விடை சொல்லலாம். முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் குழாய்க்கு வெட்டிய கிடங்கில் வெளிப்பட்ட புதைகுழியிலிருந்து 52 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அங்கே விடுதலைப் புலிகளின் பெண் போராளிகள் அணியும் சீருடைத் துணிகள் எலும்புகளோடு சேர்ந்தே கிடந்தன. அதனால்தான் 1994க்கும் 1996க்கும் இடைப்பட்டது என்று காலத்தைக் குறுக்க முடிந்தது.

செம்மணியின் எஸ்-25 என்ற தொகுதியைப் பற்றியும் இந்த வெளிச்சத்தில்தான் பேச வேண்டும். அந்த எலும்புக்கூட்டோடு யுனிசெப் அடையாளமிட்ட ஒரு நீலப் புத்தகப்பையும் பொம்மையும் இருந்தன. நான்கு அல்லது ஐந்து வயதுச் சிறுமியாக இருக்கலாம் என்று நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. இந்தச் செய்தி கேட்டு உலகெங்கும் தமிழர்கள் கலங்கினார்கள். கலங்காமல் இருக்க முடியாது. அதே பை, சான்று என்ற அளவிலும் கனமானது. அந்தக் குழந்தை நூற்றாண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டது என்று இனி எவரும் வாதிட முடியாது. பை எலும்போடு சேர்ந்து கிடந்த நிலையிலேயே படமெடுக்கப்பட்டதால் கிடைத்த பலன் இது. முதலில் கண்டவர் பதற்றத்தில் அதை வெளியே இழுத்திருந்தால் அது வெறும் பழைய பையாகிவிட்டிருக்கும்.

எலும்பு பழையது என்று தெரிந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லும் நேர்மை இந்தத் துறைக்கு வேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு குழியைப் பழையது என்று காட்டுபவர்தான், இன்னொரு குழியைப் புதியது என்று சொல்லும்போது நம்பப்படுவார். ஆகவே மாதிரிகளைத் தெரிவதும் அனுப்புவதும் குடும்பங்களுக்கும் அவர்களுடைய சட்டத்தரணிகளுக்கும் தெரிய, திறந்த முறையில் நடக்க வேண்டும். ஐ.நா. 2016இல் திருத்தி வெளியிட்ட மினசோட்டா நெறிமுறையும் குடும்பங்களின் பங்கேற்பை வலியுறுத்துகிறது.

இலக்கத்திலிருந்து பெயருக்கு

மிகச் சிறந்த அகழ்வும் பாதி வேலைதான். எஸ்-25 என்பது ஒரு பெயர் அல்ல.

ஆர்ஜென்டீனாவின் பாட்டிமார் 1980களிலேயே ஒரு கேள்வியோடு அறிவியலாளர்களைத் தேடிப்போனார்கள்: பெற்றோர் இல்லாதபோது பாட்டியின் இரத்தத்தைக் கொண்டு பேரப்பிள்ளையை அடையாளம் காண முடியுமா? அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் போன்றோர் முடியும் என்று காட்டினார்கள். 1987இல் அந்நாடு சட்டம் இயற்றித் தேசிய மரபணு வங்கியை அமைத்தது. தேடுபவர் இறந்த பிறகும் அவருடைய மரபணு தேடலைத் தொடரும்.

பொஸ்னியாவில் முதலில் முயன்றது வேறு வழி. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு புதைகுழிகளில் கிடைத்த ஆடை, பொருட்களின் படங்களைப் புத்தகமாக்கிக் குடும்பங்களுக்குக் காட்டியது. கையால் தைத்துக்கொடுத்த ஒட்டுத்துணியைத் தாய் அறிவாள். ஆனால் ஒரே சந்தையில் வாங்கிய ஒரே மாதிரிச் சட்டைகள் ஆயிரம் பேரிடம் இருந்தன. 2001 நவம்பரில் காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணையம் மரபணுவால் முதல் அடையாளத்தை உறுதிசெய்தது. அதன்பின் வேகம் மாறியது. ஸ்ரெப்ரெனிகாவில் இறந்தவர்களில் ஏறத்தாழ 7,000 பேர் பெயர் பெற்றுவிட்டார்கள். உடல்கள் குழி குழியாகப் பிரிக்கப்பட்டதால் ஒரே மனிதரின் எலும்புகள் வேறுவேறு இடங்களிலிருந்து வந்தன. கிடைத்தவரை அடக்கம் செய்வதா, மீதிக்குக் காத்திருப்பதா என்று குடும்பங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

செம்மணியில் கிடைத்த ஆடைகளும் பொருட்களும் நீதிமன்ற அனுமதியோடு 2025 ஓகஸ்டில் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. போர்க்காலத்தில் பல நாள் இடம்பெயர்ந்து, நிவாரணத்தில் கிடைத்ததை உடுத்தியிருந்தவர்களின் ஆடையை முப்பது ஆண்டு கழித்து உறவினர் இனங்காண்பது கடினம். பொஸ்னியாவின் அனுபவம் இங்கேயும் பொருந்தும். எலும்பிலிருந்து எடுக்கும் மரபணுவை ஒப்பிட உறவினரின் மரபணு வேண்டும். காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் சட்டத்தால் அமைக்கப்பட்டுப் பல ஆண்டுகளாகியும், காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் அனைத்தையும் உள்ளடக்கும் மரபணு வங்கி இலங்கையில் இன்னும் உருவாகவில்லை. அகழ்வுக்கு நிதி கேட்டு ஒவ்வொரு கட்டமும் தாமதப்படும் நாட்டில், இந்த இரண்டாம் பாதியைப் பற்றி உரத்துப் பேசுபவர்கள் குறைவு. முதலில் செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

2017 பெப்ரவரியிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரக் கொட்டகைகளில் படங்களை ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்தந்தையரில் பலர் விடை அறியாமலே இறந்துவிட்டார்கள். ஒவ்வொரு மரணத்தோடும் ஒரு மரபணுவும், ஒரு நினைவுத் தொகுப்பும் போய்விடுகின்றன. அனுபவமுள்ள குழுக்கள் குடும்பங்களிடம் நிரப்பும் படிவத்தின் கேள்விகள் எளியவை. சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து கை முறிந்ததா? எந்தப் பல் பிடுங்கப்பட்டது? இடக்கையா, வலக்கையா? உயரம் வாசற்படி நிலையில் எதுவரை? கடைசியாகப் போன அன்று சட்டைப் பொத்தான் என்ன நிறம்? இவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுக்கும் மாதிரியோ, அட்டையில் உலர்த்திய ஒரு துளி இரத்தமோ பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். அதை எடுக்கச் செம்மணியில் அடுத்த குழி திறக்கப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கிராம அலுவலர் பிரிவு ஒன்றிலிருந்து நாளைக்கே தொடங்கலாம்.